எவ்வளவு தூரம் நடக்க ஏலும்?

தொலைபேசியில் நான் முதன்முதலாக என் அப்பாவாகப் பேசியபோது எனக்குப் பதினான்கு வயது. குரல் உடைந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதுவரை அம்மாவாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

இதில் விளையாட்டு ஒன்றும் இல்லை. கவுன்சிலுக்கோ மின்சாரக் கொம்பனிக்கோ எடுத்தால், பேசுவது யார் என்பதுதான் முதல் கேள்வி. மகன் என்று சொன்னால், அப்பாவிடம் கொடு என்பார்கள். அப்பா வாங்கி, "யெஸ், யெஸ்" என்றுவிட்டு என்னிடமே திருப்பித் தருவார். இப்படிப் போன் நாலு தரம் கைமாறுவதைவிட, நான்தான் அவர் என்று சொல்லி, அவருடைய பிறந்த திகதியையும் வீட்டு முகவரியின் முதல் வரியையும் ஒப்புவித்துவிடுவது சுலபமாக இருந்தது. லண்டனில் எங்களைப் போன்ற வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் இதைச் செய்திருப்பார்கள்.

அப்பா ஊரில் போர் வந்து ஏழாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர். அதன் பிறகு மாணவனாக எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் அவர் போகவில்லை. ஐரோப்பாவுக்குள் நடந்து வந்து, பிரான்சில் டைல்ஸ் ஒட்டும் வேலை பழகி, எனக்கு ஏழு வயதானபோது எங்களை லண்டனில் வால்தம்ஸ்டோவுக்குக் கூட்டிவந்தார். அம்மாவும் படிப்பை இடையில் விட்டவர். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பள்ளிப் படிப்பை முடித்து, பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். ஆகவே வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கடிதமும் என் மேசைக்கு வந்தது. வீட்டிலிருந்து போகும் ஒவ்வொரு படிவத்திலும் என் நம்பர் போனது. புது மருத்துவரிடம் பதியும்போது 'மொழிபெயர்ப்பாளர் தேவையா' என்று ஒரு பெட்டி இருந்தது. 'தேவையில்லை' என்பதில் நான்தான் அடையாளமிட்டேன். அப்போது எனக்குப் பதினைந்து வயது. அந்தப் பேனாக் கோட்டை எவ்வளவு பெருமையோடு போட்டேன் என்பது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

நடைப்பயணத்தை யோசித்தது என் நண்பன். நாங்கள் இருவரும் ஒரே பொறியியல் அலுவலகத்தில் வேலை செய்கிறோம். அவன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், நோர்பரியில் அறை எடுத்திருக்கிறான். ஸ்கொட்லாந்தில் ஏரிகளின் ஓரமாகவும் காடுகளின் ஊடாகவும் வடக்கே மலைகள் வரை போகும் பாதை ஒன்று இருக்கிறது, ஏழு நாட்களில் நடக்கலாம் என்றான். ஒரு வெள்ளிக்கிழமை வரைபடத்தோடும் மடிக்கணினியோடும் எங்கள் வீட்டுக்கு வந்தான். எந்த நாள் எங்கே தங்குவது, எங்கே கடை, எங்கே தண்ணீர் என்று அட்டவணை போட்டு வைத்திருந்தான்.

"அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு ஒரு கட்டம் இருக்கு. உங்க வீட்டு நம்பர் சொல்லு" என்றான்.

சொன்னேன். அடித்துவிட்டு மேலே பார்த்தவன் சிரிக்கத் தொடங்கினான்.

"டேய், இது உன் நம்பர்டா. நீ பள்ளத்துல விழுந்தா உனக்கே போன் பண்ணி, தம்பி நீ விழுந்துட்டேன்னு சொல்லவா?"

"எங்கடை வீட்டிலை அவசரம் எண்டால் இந்த நம்பர்தான்" என்றேன். உண்மையாகவே எனக்கு வேறொன்று தோன்றியிருக்கவில்லை. அப்பாவின் நம்பரைப் போனில் தேடி எடுத்துத்தான் கொடுத்தேன். அதற்கும் சிரித்தான்.

சத்தம் கேட்டு அப்பா வந்து வரைபடத்தின் மேல் குனிந்தார்.

"இதென்ன, எல்லாம் பச்சையும் நீலமுமாக் கிடக்கு? ஊர் ஒண்டையும் காணேல்லை."

"அதுக்குத்தானே அப்பா போறது."

"ஏழு நாள் காட்டுக்குள்ளாலை நடக்கிறதுக்கு லீவு எடுக்கிறியளோ?" நண்பனைப் பார்த்துச் சொன்னார், "தம்பி, நானும் காட்டுக்குள்ளாலை நடந்தனான்தான். எங்களைத் துரத்தினவங்கள், நடந்தம். உங்களை ஆர் துரத்தினது?"

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, மேசையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். அந்த இருமல் பனிக்காலத்தில் தொடங்கியது. டைல்ஸ் வெட்டும் தூசி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

நான் பயிற்சி எடுத்தேன். முதுகுப்பையில் அம்மா வாங்கி வைத்திருந்த ஐந்து கிலோ அரிசிப் பைகள் இரண்டை அடைத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் எப்பிங் காட்டுக்குப் போனேன். மூன்றாவது சனிக்கிழமை பை இலேசாக இருந்தது. திறந்து பார்த்தால் ஒரு பையைக் காணோம்.

"வியாழக்கிழமை சமைக்க எடுத்துப்போட்டன்" என்றார் அம்மா. "அரிசி சமைக்கத்தானே வாங்கிறது? கல்லைத் தூக்கிக்கொண்டு போ."

இடையில் மருத்துவர் அப்பாவை நெஞ்சு ஸ்கானுக்கு அனுப்பினார். எங்கள் புறப்பாட்டுக்கு எட்டு நாள் முன்பான ஒரு திகதி கிடைத்தது. நான் அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு கூட்டிப்போனேன். வீட்டிலிருந்து பஸ் தரிப்பிடம் ஆறு நிமிட நடை. எங்கள் தெருவில் பழைய வீடுகளின் வாசலில் கறுப்பும் வெள்ளையுமாக டைல்ஸ் பதித்த சிறு பாதைகள் உண்டு. பச்சைக் கதவு போட்ட ஒரு வீட்டின் வாசலில் அப்பா நின்றார்.

"இஞ்சை பார். பழசை எடுத்துப்போட்டுப் புதுசு ஒட்டியிருக்கிறான். மூலை ஒண்டும் நேர் இல்லை."

"அப்பா, நேரம் போகுது."

இன்னும் நாலு வீடு தள்ளி மறுபடி நின்றார். மதிலில் கையை வைத்துக்கொண்டு, நிதானமாக, அந்த வாசலையும் பார்த்தார். மூன்றாவது தரம் அவர் நின்றபோது நான் தரிப்பிடத்துக்கே போய்விட்டேன். அங்கிருந்து கையைக் காட்டினேன். பஸ் வந்துகொண்டிருந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளிலும் அடுத்தவன் வேலையில் பிழை பார்க்கும் மனிதர் என்று நண்பனிடம் பிறகு சொல்லிச் சிரித்தேன்.

முடிவு வர இரண்டு மூன்று கிழமை ஆகலாம் என்றார்கள். நான் கணக்குப் பார்த்தேன். எட்டு நாளும் ஏழு நாளும் பதினைந்து. போய்விட்டு வந்துவிடலாம். இதை எழுதும்போதும் அந்தக் கூட்டல் என்னைக் குத்துகிறது. கொஞ்சம் தள்ளிப் போடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன்தான். ஆனால் 'போ' என்று சொல்வார் என்று தெரிந்துதான் கேட்டேன்.

"உனக்குப் பைத்தியம்தான், போட்டு வா" என்றார்.

அம்மாதான் விடவில்லை. ஒரு பை நிறைய, நாள்பட்டாலும் கெடாத பருத்தித்துறை வடையைக் கட்டித் தந்துகொண்டே கேட்டார்: "அதுக்குள்ளை ஆஸ்பத்திரியாலை எடுத்தினம் எண்டால் நாங்கள் என்ன செய்யிறது?"

"எடுக்க மாட்டினம் அம்மா. எடுத்தாலும் என்ரை போனுக்குத்தான் வரும். உங்களுக்கு ஒண்டும் வராது. பயப்பிடாதையுங்கோ."

ஆறுதல் என்று நினைத்துத்தான் அதைச் சொன்னேன்.

முதல் நாள் வயல்களின் நடுவே போனது. இரண்டாம் நாள் ஒரு குன்றின் மேல் ஏறியபோது லோமண்ட் ஏரி முழுதாகத் தெரிந்தது. அங்கே ஏரியை லொக் என்பார்கள். தீவுகள் வரிசையாக நீருக்குள் இறங்கிப் போயிருந்தன. நண்பன் கையை விரித்து நின்று படம் எடுத்துக்கொண்டான். நான் போனை உயர்த்தினேன், சிக்னல் பார்க்க. இரண்டு கோடுகள் இருந்தன. அழைப்பு எதுவும் வந்திருக்கவில்லை. அன்று மாலை நன்றாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் ஏரியின் கிழக்குக் கரை. அங்கே பாதை என்பது பேருக்குத்தான். வேர்களைப் பிடித்து ஏறி, பாறைகளின் மேல் உட்கார்ந்து இறங்கி, ஒரு மைல் போக ஒரு மணி நேரம் எடுத்தது. ஓக் மரங்களின் கீழே நீலப் பூக்கள் கம்பளம் போலக் கிடந்தன. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் செங்குத்தான காடு. போனில் ஒரு கோடும் இல்லை. நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பார்த்தேன்.

"அந்தப் போனை உள்ள வையேன்டா. கால் வழுக்கினா நேரா ஏரிதான்" என்றான் நண்பன்.

"அப்பாவின்ரை ஸ்கான்..."

"நீயே தானே மூணு வாரம் ஆகும்னு சொன்ன?"

ஆமாம், நான்தான் சொன்னேன். ஆனால் லண்டனில் சரியாக இருந்த கூட்டல், அந்த மரங்களுக்குக் கீழே சரியாக வரவில்லை.

ஏரி முடியும் இடத்தில், அக்கரைக்குப் போகும் படகுத்துறையைத் தாண்டிப் பாதை மேலே ஏறியது. பாதி ஏற்றத்தில் போன் என் காற்சட்டைப் பைக்குள் நடுங்கத் தொடங்கியது. மறைத்த இலக்கத்திலிருந்து மூன்று தவறிய அழைப்புகள். இரண்டு வொய்ஸ்மெயில். கேட்பதற்கு முன்பே அது மறுபடி அடித்தது.

ஒரு பெண் பேசினார். மருத்துவமனையின் நெஞ்சுப் பிரிவுத் தாதி. மென்மையான குரல். அப்பாவின் முழுப் பெயரைச் சொல்லி, நீங்கள்தானா என்று கேட்டார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே, ஓம் என்றேன். பிறந்த திகதியைக் கேட்டார். சொன்னேன். முகவரியின் முதல் வரியைக் கேட்டார். அதையும் சொன்னேன். பன்னிரண்டு வருடப் பழக்கம், வாய் தானாகவே சொல்லிற்று.

இப்போது பேச வசதியா, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். நண்பன் ஒரு பாறையில் உட்கார்ந்து சப்பாத்துக்குள் போன கல்லைத் தட்டிக்கொண்டிருந்தான். இருக்கிறார்கள் என்றேன்.

ஸ்கானில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் ஒரு கட்டி தெரிகிறது என்றார். அது என்னவென்று அறிய இன்னொரு சோதனை வேண்டும். மருத்துவர் காத்திருக்க விரும்பவில்லை, வெள்ளிக்கிழமை வர முடியுமா? புற்றுநோயா என்று கேட்டேன். அந்தச் சாத்தியத்தைத்தான் பார்க்கிறோம் என்றார். பிறகு, "உங்களிடம் இப்படிப் போனில் சொல்ல நேர்ந்ததற்கு வருந்துகிறேன்" என்றார். உங்களிடம். என் அப்பாவின் பெயரைச் சொல்லி, என்னிடம்.

அவர் அவசரப்படவில்லை. மருத்துவர் சோதனையைத் திட்டமிட வேண்டும், அதற்காகச் சில கேள்விகள் என்றார். நிறை குறைந்ததா? கொஞ்சம் என்றேன். இரவில் வியர்க்கிறதா? அம்மா தலையணை உறை மாற்றுவது நினைவுக்கு வந்தது. ஓம் என்றேன்.

"உங்களுக்கு மூச்சு வாங்குவது கேட்கிறது. சாதாரணமாக, சமதரையில், நிற்காமல் எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?"

மூன்று நாளில் நாற்பது மைல் நடந்திருந்தேன். என் கால் அளவு, என் பையின் நிறை, ஒரு மணி நேரத்தில் நான் போகும் தூரம் எல்லாம் நண்பனின் அட்டவணையில் இருந்தன. அப்பா எவ்வளவு தூரம் நடப்பார் என்று எனக்குத் தெரியாது.

"தெரியாது" என்றேன்.

"தோராயமாக? கடை வரைக்கும்? மாடிப்படி வரைக்கும்?"

ஏதாவது சொல்லியிருக்கலாம். முன்பெல்லாம் சொல்லியிருப்பேன். ஆனால் நான் சொல்வதை வைத்து ஒருவர் என் அப்பாவின் நெஞ்சுக்குள் ஊசி விடப் போகிறார்.

"நான் அவர் இல்லை. நான் மகன்."

அவர் குரலில் மென்மை குறைந்தது. நான் இதை உங்களிடம் சொல்லியிருக்கக் கூடாது, மகன் என்பதை நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார். மன்னிப்புக் கேட்டேன். அப்பா ஆங்கிலம் பேசுவாரா? கொஞ்சம். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை என்று பதிவில் இருக்கிறதே? அதைப் போட்டது நான் என்றேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். நாளை காலை பத்து மணிக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைத்துக்கொண்டு உங்கள் அப்பாவோடு நானே பேசுகிறேன், அவருடைய சொந்த நம்பரைத் தாருங்கள் என்றார். நண்பன் எடுத்துத் தந்த அட்டவணைத் தாளில், அவசரக் கட்டத்தில் இருந்த நம்பரை வாசித்துக் காட்டினேன்.

நண்பனிடம் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. என் பக்கத்துப் பேச்சு முழுவதையும் கேட்டிருந்தான்.

"நானும் வரேன்டா."

"வேண்டாம். நீ நட."

படகுத்துறை வரை கூட வந்தான். அங்கே ஒரு கம்பத்தில் பெரிய பந்து ஒன்றைக் கயிற்றால் மேலே ஏற்றினால், அக்கரையில் இருப்பவர் பார்த்துப் படகோடு வருவார். நாங்கள் பந்தை ஏற்றிவிட்டு அதன் கீழே நின்றோம். படகு வர இருபது நிமிடம் ஆயிற்று. வடைப் பையை அவனிடம் கொடுத்தேன். அவன் அதை வாங்கி, வாங்கியது பிழையோ என்பதுபோல என் முகத்தைப் பார்த்தான்.

அக்கரையில் ரயில் நிலையத்தில் சிக்னல் இருந்தது. அப்பாவுக்கு எடுத்தேன்.

"என்ன தம்பி, நடந்து முடிஞ்சுதோ?"

"இல்லை. வீட்டை வாறன்."

"காலிலை கொப்புளமோ?"

"இல்லை அப்பா. நீங்கள்... நிக்காமல் எவ்வளவு தூரம் நடக்க ஏலும் உங்களாலை?"

"இதென்ன கேள்வி?"

"சொல்லுங்கோவன்."

"அந்தப் பச்சைக் கதவு வீடு வரைக்கும். அங்கை ஒருக்கா நிப்பன். பஸ்ஸுக்குப் போறதெண்டால் மூண்டு தரம் நிக்கோணும். நீ பாத்தனிதானே?"

"டைல்ஸ் பாக்கத்தானே நிண்டனியள்?"

"ஓம், சும்மா நிண்டால் ஆக்கள் என்ன நினைப்பினம்? டைல்ஸைப் பாத்தால், டைல்ஸ்காரன் பாக்கிறான் எண்டு போவினம்." சிரித்தார், இருமினார். "வேலைக்குப் போயும் இப்ப கனநேரம் சாமான் ஏத்திற வானுக்குள்ளைதான் இருக்கிறது. மற்றப் பெடியள் ஒட்டுவாங்கள். கொம்மாவுக்குச் சொல்லாதை."

ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, நாளைக்குப் பத்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய போனுக்கு எடுப்பார்கள் என்றும், தமிழில் பேச ஒரு ஆள் இருப்பார் என்றும் சொன்னேன்.

"என்ரை போனுக்கோ? ஏன்?"

"நான்தான் நம்பரைக் குடுத்தனான்."

"உனக்குச் சொல்லிப்போட்டினமோ?"

"ஓம்."

எப்படிச் சொல்வது என்று படகில் வரும்போதே வசனங்களை அடுக்கி வைத்திருந்தேன்.

"சொல்லாதை" என்றார் அப்பா. "நாளைக்கு நானே கேக்கிறன்."

மறுநாள் காலை எட்டரைக்கு வீட்டுக்குள் போனேன். சேறு காய்ந்த சப்பாத்தை வாசலில் கழற்றினேன். அம்மா தேத்தண்ணி போட்டார். அப்பா சவரம் செய்து, வெளியே போகப் போடும் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, போனை முன்னால் வைத்து உட்கார்ந்திருந்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் ஏரி எப்படி இருந்தது, படகு எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பந்தைக் கம்பத்தில் ஏற்றுவதை இரண்டு தரம் சொல்லச் சொன்னார். என் முகத்தை ஒரு தரமும் நேராகப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது அதில் எழுதியிருக்கும் என்று பயந்தார் போல. நானும் தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன்.

போன் அடித்தது. என் கை தானாக நீண்டது. அப்பா அதற்கு முன் எடுத்துக்கொண்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அவர் தன் பிறந்த திகதியை ஆங்கிலத்தில், ஒவ்வொரு இலக்கமாகச் சொல்வது கேட்டது. அதன் பிறகு ஒன்றும் விளங்கவில்லை.

அரை மணிக்கு மேல் ஆயிற்று. வெளியே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வெள்ளிக்கிழமை போகோணும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் வா. ஆனால் கதைக்கிறது நான்."

இன்றைக்கு அவருக்குச் சிகிச்சை நடக்கிறது. அந்தக் கட்டி நாங்கள் பயந்ததுதான். அழைப்புகள் அவருடைய போனுக்கு வருகின்றன. அவர் எனக்குச் சொல்வது மட்டும் எனக்குத் தெரியும். அவர் எல்லாவற்றையும் சொல்கிறாரா என்று பல நாள் எனக்குச் சந்தேகம். கேட்பதில்லை. நண்பன் மிச்சத்தைத் தனியே நடந்து முடித்தான். உன் பாதி அப்படியே இருக்கு என்கிறான்.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முன்பே வீட்டைவிட்டு இறங்கினோம். பச்சைக் கதவு வீட்டில் அப்பா நின்றார். மதிலில் கையை வைத்தார். நானும் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தேன். உண்மையிலேயே மூலை ஒன்றும் நேராக இல்லை.

"ஆரோ அவசரத்திலை ஒட்டியிருக்கிறான்" என்றேன்.

"அவசரம் இல்லை. கீழை பூச்சுச் சரியாக் காயேல்லை. அதுக்கு மேலை ஒட்டினால் இப்பிடித்தான் இழுக்கும்." சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு வேண்டியிருந்தது. தெருவால் போன ஒருவர் எங்கள் இருவரையும், பிறகு அந்த வாசலையும் பார்த்துவிட்டுப் போனார்.

ஒரு பஸ் தரிப்பிடத்தில் நின்று புறப்பட்டது. நான் அதைப் பார்க்காததுபோல் இருந்தேன். அப்பா மதிலிலிருந்து கையை எடுத்தார். அவர் முதல் அடி வைக்கும் வரை நான் நின்றேன்.